உட்காரக் கூடாத நாற்காலி

எங்கள் தெருவில் என் கணவருக்கு வைத்திருந்த பெயர் எதிர்காலம். பார்சல் கொண்டுவருகிற பையன்கூட வாசலில் நின்று, எதிர்காலம் இருக்காரா என்றுதான் கேட்பான். எதிர்காலம் குளிக்குது, கொஞ்சம் நில்லு என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன். பகலெல்லாம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் புகார் வாங்கிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாரப் பத்திரிகைக்கு விஞ்ஞானக் கதை எழுதுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவருக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமை. எனக்கு எரிச்சல். குழாயில் தண்ணீர் ஒழுகுவதைப் பார்க்கத் தெரியாதவர் நூறு வருஷம் தாண்டி என்ன நடக்கும் என்று எழுதிக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர்காலம் என்று இவர் எழுதியதெல்லாம் எங்கள் எதிர்வீட்டிலோ அவர் அலுவலகத்திலோ நடந்ததுதான். கண்ணாடிக் கூண்டுக்குள் மனிதர்கள் வரிசையில் நிற்கும் கிரகம் என்று எழுதுவார். அது அவருடைய புகார் கவுண்டராக இருக்கும். மூச்சுக்குக் கணக்குக் கேட்கும் அரசாங்கம் என்று எழுதுவார். அது அவருடைய மேலதிகாரியாக இருக்கும். ராக்கெட்டை எடுத்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் நேற்றைய சங்கதி. படிக்கிறவர்கள்தான், ஐயோ இப்படியெல்லாம் ஆகிவிடுமோ என்று பயந்துபோய்க் கடிதம் எழுதுவார்கள். ஆகிவிட்டதைத்தான் சொல்கிறேன், அதுகூடத் தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அவருடைய பத்திரிகை ஆசிரியர் ஒரு விசித்திரமான மனிதர். கதையில் உலகமே அழியலாம், கேள்வி கேட்க மாட்டார். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு பொட்டு நம்பிக்கை இருந்தாக வேண்டும். புத்தகத்தை மூடும்போது வாசகனுக்கு மறுநாள் வேலைக்குப் போகத் தோன்ற வேண்டும் என்பது அவர் கட்சி. அந்தப் பத்திக்கு எங்கள் வீட்டில் விடியல் பத்தி என்று பெயர். கதையை எழுதி முடித்துவிட்டு, விடியல் பத்தியை மட்டும் என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவார். வேண்டாத மாப்பிள்ளைக்குக் காபி கொடுப்பது போல எழுதுவார்.

நாற்காலிக் கதையும் அப்படித்தான் வந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் சாகக் கிடந்தபோது அவருடைய மகன் வரவில்லை, போனில் பேசினான். மருமகள் ஒரு நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதன் மேல் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். நாங்கள் பார்க்கப் போயிருந்தோம். பெரியவர் நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். மகன் அந்தப் பக்கம் யாரிடமோ சரக்கு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான், அதற்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை. கோபத்தோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினார்.

கதை இதுதான். வருங்காலத்தில் சாகிறவர்களுக்குத் துணையாக ஒரு நாற்காலி வந்துவிடுகிறது. அது பிள்ளைகளின் குரலில் பேசும். கைப்பிடி உள்ளங்கைச் சூட்டில் இருக்கும். பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதில்லை. அது சொல்வதெல்லாம் மூன்றே வாக்கியம். நான் இங்கேதான் இருக்கேன். எங்கேயும் போகலை. நீங்க தூங்குங்க. கதையில் வரும் கிழவர் கேட்பது எதுவானாலும் இந்த மூன்றையே முன்னும் பின்னும் திருப்பிப் போட்டுச் சமாளித்துவிடும். பார்க்க நாற்காலி, ஆனால் மனிதர் யாரும் அதில் உட்காரக் கூடாது. அந்தக் கடைசிச் சங்கதி முழுக்க முழுக்கக் கிண்டல்.

விடியல் பத்தியில், தரை துடைக்க வந்த பெண் கால்வலி தாங்காமல், தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறாள். ஆள் உட்கார்ந்ததும் நாற்காலி வாயை மூடிக்கொள்கிறது. கிழவர் திரும்பிப் பார்க்கிறார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு மனித முகம். சிரிக்கிறார். அவள் கையைப் பிடித்துக்கொள்கிறார். கதை முடிந்தது.

உட்கார்ந்தால் ஏன் அது பேசாமல் போகணும் என்று கேட்டேன். எங்கயாவது ஒரு சுவிட்சு வெச்சாத்தானே விடியும் என்றார்.

நான் காது மிஷின் கடையில் வேலை செய்தவள். காது கேட்காதவர்களுக்கு மிஷினைப் பொருத்தி, சத்தத்தை ஏற்றி இறக்கிச் சரிபார்ப்பது என் வேலை. அந்த வேலையில் நான் கற்றது ஒன்றுண்டு. பாதி கேட்டால் போதும், மீதியை மனது தானே போட்டு நிரப்பிக்கொள்ளும். ஆசையான குரல் என்றால் கால்வாசி போதும். அதை அவரிடம் சொன்னேன். கதைக்கு உதவாது, ரொம்ப சோகமா இருக்கு என்று தள்ளிவிட்டார்.

கதை வந்தது. பத்துப் பதினைந்து பேர் கடிதம் எழுதினார்கள். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள், நாங்களும்தான். எங்கள் மகள் வளர்ந்து, படித்து, தொலைவில் ஒரு நகரத்தில் பார்சல் பிரிக்கும் கிடங்கில் ராத்திரி ஷிஃப்ட் மேற்பார்வையாளராகப் போய்விட்டாள். அவரும் ஓய்வு பெற்றார். பத்திரிகையும் நின்றது.

அப்போதுதான் ஒரு நிறுவனத்திலிருந்து அவரைத் தேடி வந்தார்கள். கார் அனுப்பி அழைத்துப் போனார்கள். போன இடத்தில் எல்லாம் சின்ன வயசுப் பிள்ளைகளாம். குழுத் தலைவியாக இருந்த பெண் இவர் காலில் விழாத குறை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நாற்காலிக் கதையைப் படித்தவளாம். அதைப் படித்துத்தான் சார் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்றாளாம். சுவர் முழுக்க இவருடைய கதை. ஒவ்வொரு வரியையும் தனித்தனிச் சீட்டாகப் பிரித்து ஒட்டி, செய்து முடித்த வரிக்குப் பக்கத்தில் பச்சை டிக் போட்டிருந்தார்களாம். உள்ளங்கைச் சூடு, டிக். மூன்று வாக்கியம், டிக். யாரும் உட்காரக் கூடாது, டிக். ஆள் உட்கார்ந்தால் பேச்சு நிற்க வேண்டும், அதற்கும் டிக். எது எரிச்சல், எது கிண்டல், எது ஆசிரியருக்காக எழுதியது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எல்லாமே செய்ய வேண்டிய வேலையாகத் தெரிந்திருக்கிறது.

இவர் கேட்டிருக்கிறார், ஏம்மா இதை நாற்காலியா செஞ்சீங்க, ஒரு சின்னப் பெட்டி போதுமே என்று. நீங்க அப்படித்தானே சார் எழுதியிருக்கீங்க என்று அவள் திகைத்துப் போய்ச் சொன்னாளாம். நான் இதை எச்சரிக்கையா எழுதினேம்மா என்றிருக்கிறார். அதனாலதான் சார் நாங்களும் ரொம்ப எச்சரிக்கையா செஞ்சிருக்கோம் என்றாளாம்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர்கள் கொடுத்த கண்ணாடிக் கேடயத்தை அலமாரியில் எடுப்பாகத் தெரிகிற மாதிரி வைத்தார். இரண்டு தடவை இடம் மாற்றி வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயிற்றெரிச்சலில் எழுதிய கதையை நிஜமாக்கிக் காட்டுகிறார்கள், இந்த மனுஷனுக்குக் கேடயம் வேண்டியிருக்கிறது. கேட்டேன். செய்யாதேன்னு சொன்னா நிறுத்திடுவாங்களா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ஆனா என் கதையைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்காங்கடி என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு மேற்கொண்டு திட்ட வாய் வரவில்லை.

நாற்காலிகள் முதலில் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்தன. பிறகு எல்லா இடத்துக்கும் வந்தன. அதற்கு அடுத்ததாக நடந்ததுதான் அவர் கதையில் இல்லாதது. அப்பா அம்மா சாகக் கிடந்தால் வேலை செய்யும் இடத்தில் லீவு கொடுப்பார்கள் அல்லவா, அதை எடுத்துவிட்டார்கள். சத்தமில்லாமல் எடுத்தார்கள். நாற்காலி இல்லாத ஊருக்கு மட்டும் லீவு உண்டு என்றார்கள். அப்படி ஓர் ஊர் மிச்சமில்லை. இவர் செய்தியை மறுபடியும் ஒருமுறை படித்தார். இதை நான் யோசிக்கவே இல்லையே என்றார். மிஷினைத்தான் நீங்க யோசிப்பீங்க, லீவைப் பத்தி யார் யோசிப்பாங்க என்றேன். அன்றைக்குக் கேடயத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அவருக்கு நுரையீரலில் புற்று வந்தது. மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிற இடத்தில் சேருங்கள் என்றார். அது திரும்பி வருகிற இடமில்லை என்று அவர் சொல்லாமலே புரிந்தது.

இளம்பச்சைச் சுவர், இரும்புக் கட்டில், ஜன்னலுக்கு வெளியே பைக் நிறுத்தும் கொட்டகை. கட்டிலின் வலப்பக்கத்தில் அது இருந்தது. சாம்பல் நிறம், தலை சாய்க்கும் இடத்தில் சன்னமான சல்லடை, அதன் பின்னாலிருந்து குரல் வரும். முதுகில் 'அமர வேண்டாம்' என்று ஒட்டியிருந்தார்கள். வேறு நாற்காலி கிடையாது. இடத்தை அடைக்கிறது என்று பார்வையாளர் நாற்காலிகளை எடுத்துவிட்டார்களாம். கடையில் ஒரு மடக்கு ஸ்டூல் வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் காவலாளி வாங்கி வைத்துக்கொண்டான். நான் போகும்போது வரும்போதெல்லாம் அவனே அதில் உட்கார்ந்திருந்தான். நல்லா இருக்காப்பா ஸ்டூலு என்று கேட்டேன். நல்லா இருக்கும்மா என்றான்.

நாற்காலிக்கு மகள் தன் குரலைப் பதிவுசெய்து கொடுத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். கிடங்கில் லீவு கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். வேலையை விட்டுவிட்டு வா என்று ஒரு தடவை நானே வாய்விட்டுக் கேட்டேன். அவள் கணவனுக்கு ஏற்கெனவே வேலை இல்லை, இரண்டு குழந்தைகள். போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் வேறோர் ஆசை மட்டும் விடவில்லை. அவள் வராவிட்டால் போகட்டும். பக்கத்தில் இருப்பது மிஷின் என்று இவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்க வேண்டும். ஏமாந்துபோய்ச் சாகக் கூடாது. இவர் எழுதிய கிழவரைப் போல இவரே ஆகிவிடக் கூடாது. எனக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

முதல் நாட்களில் பயமில்லை. நாற்காலி, நான் இங்கதான்ப்பா இருக்கேன் என்று மகளின் குரலில் சொன்னதும் இவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்தது பாரு, எங்கயும் போகலன்னு சொல்லும் என்றார். எங்கயும் போகல என்றது அது. இரண்டு பேரும் சிரித்தோம். அவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த 'தான்' தேவையில்லை, அன்னிக்கே அடிச்சிருக்கணும் என்று தன் வாக்கியத்தில் குற்றம் கண்டுபிடித்தார்.

பிறகு வலிக்கு மருந்து ஏற ஏறப் பகலில் பாதி நேரம் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் கிடந்தார். ஒருநாள் நான் முகம் துடைக்க ஈரத்துணி எடுத்துக்கொண்டு வரும்போது, நாற்காலியைப் பார்த்து, சாப்பிட்டியா குட்டி என்று கேட்டுக்கொண்டிருந்தார். மகளை அவர் குட்டி என்றுதான் கூப்பிடுவார். நீங்க தூங்குங்கப்பா என்றது அது. சரிம்மா என்று கண்ணை மூடினார். துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் என் புடவையில் சொட்டியதுகூடத் தெரியவில்லை. அவ்வளவு அழுகை வந்தது.

கண் விழித்ததும், அது நாற்காலிங்க என்றேன். தெரியும்டி, நான்தானே எழுதினேன் என்றார். தெளிவாகத்தான் சொன்னார். மறுபடியும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மகளுக்குத் தினமும் நிறுவனத்திலிருந்து செய்தி போகுமாம். இன்று அப்பா உங்களுடன் பேசினார், இன்று அப்பா சிரித்தார் என்று. ஷிஃப்ட் முடிந்ததும் காலையில் என்னைக் கூப்பிடுவாள். "இன்னிக்கு என்கிட்ட ரொம்ப நேரம் பேசினாராமேம்மா" என்று கேட்டாள். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று ராத்திரி, மூச்சு இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிட்டுத் திரையை இழுத்துவிட்டுப் போனாள். நாற்காலி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அவர் அதன் கைப்பிடியைப் பிடித்திருந்தார். நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஆயுசு முழுக்க அவருக்குச் சோறு போட்டு, சண்டை போட்டு, அவர் கதைகளுக்கு முதல் வாசகியாக இருந்து, கடைசியில் மூன்று வாக்கியத்திடம் தோற்றுவிட்டேனே என்று ஆத்திரம் பொங்கியது. அவர் எழுதிய விடியல் பத்தி நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம் போனேன். நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

பேச்சு நின்றது. அறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவர் மூச்சு மட்டும் கேட்டது. கைப்பிடியில் இருந்த அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் கண் திறந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்து பார்த்த பார்வைதான், சத்தியமாகச் சொல்கிறேன். சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"குட்டி எங்க?"

"நான் இருக்கேங்க" என்றேன்.

"நீ இருக்கே. அது தெரியுது. குட்டி பேசிட்டிருந்தாளே, போயிட்டாளா?"

அது மிஷின்ங்க, நீங்க எழுதினதுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு அது தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தும் கேட்கிறார். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குப் போனது. என் கையிலிருந்து தன் கையை உருவிக் கைப்பிடியைத் தேடினார். விரல் என் புடவையில் பட்டுத் தடுமாறியது. கூப்பிடேன் அவளை என்றார். கெஞ்சினார். எதற்கும் யாரிடமும் கெஞ்சாத மனுஷன்.

நான் எழுந்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. என் கோபத்தில் அதைக் கெடுத்துவிட்டேனோ என்று பதறிப்போய், பேசேன், பேசித் தொலையேன் என்று நாற்காலியின் முதுகைத் தட்டினேன். பிறகு அது சொன்னது, நான் இங்கதான்ப்பா இருக்கேன் என்று. அவர் முகம் தளர்ந்தது. ம் என்றார். நான் கட்டிலைச் சுற்றி என் இடத்துக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் போகிறவரை நின்றேன். போன பிறகும், நர்ஸ் வந்து அணைக்கும்வரை அது அவரைத் தூங்கச் சொல்லிக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது காவலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தான். உட்கார முடியவில்லை.

மகளுக்கு நான் சொல்வதற்கு முன்பே நிறுவனத்துச் செய்தி போயிருக்கிறது. கிடங்கில் ஷிஃப்ட் நடுவில் போனைத் தொட விட மாட்டார்கள். மறுநாள் காலை, வேலை முடிந்து பஸ்ஸில் இருந்து கூப்பிட்டாள். வெகுநேரம் அழுதாள். பக்கத்தில் யாரோ அவளை உட்காரச் சொல்வது கேட்டது. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, கடைசியில நான் கூட இருந்தேன்ல?"

இல்லை என்று ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? சாயங்காலம் அவள் மறுபடி அதே கிடங்குக்குப் போயாக வேண்டும்.

"நீ அங்கதான் இருந்தே" என்றேன். "எங்கயும் போகல. தூங்கு."